நினைத்ததை முடிக்கும் நெறி

(ஊரிகத்துப் பௌத்த அன்பர்கட்கு ஓர் அறவுரை)





திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்ற நம் இல்லங்களினின்றும் பழைய வழக்கங்கள் பல நீங்கின. பிள்ளை தேர்வில் தேறினால் முடியிறக்குவதாக வேண்டிக்கொள்ளுதலும், மகளுக்கு உத்தியோகம் கிடைத்தால் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொள்ளுதலும், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தலும் நம்மை விட்டு அகன்றன. நன்று. ஆயினும் இன்று உங்கள் முன் ஒரு வினாவை வைக்க விரும்புகின்றேன். நேர்த்திக்கடனை எடுத்த இடத்தில் நாம் எதனை வைத்தோம்?

எடுத்த இடம் வெறுமையாகவே இருந்துவிடுவதில்லை. சிலர் அவ்விடத்தில் பகவான் புத்தருடைய திருவுருவத்தை வைத்து, முன்பு வேறொருவரிடம் கேட்டதையே இவரிடம் கேட்கின்றனர். வேறு சிலர் ஒன்றையுமே வைக்கவில்லை. வருவது வரட்டும் என்று இருந்துவிடுகின்றனர். முன்னவர் ததாகதரை வரமளிப்பவர் ஆக்கினர். அவரோ வழி காட்டுபவரேயன்றி வரங்கொடுப்பவர் அல்லர். பின்னவர் மூடநம்பிக்கையை விட்டதோடு முயற்சியையும் சேர்த்தே விட்டனர். இவ்விரண்டும் தம்மம் ஆகா.

பழைய நேர்த்திக்கடனை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அதனை நேர்ந்துகொண்ட நம் பாட்டிமாரிடம் ஓர் உறுதி இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கு ஐயமறத் தெரியும். அதன் பொருட்டுத் தான் என்ன கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் காசு சேர்த்தாள். சொன்ன நாளில் சொன்னதைச் செய்தாள். அவள் உறுதியில் குறையில்லை. அவ்வுறுதி சென்ற திசையில்தான் குறை. அதே உறுதியை நம் கையால் செய்யத்தக்க செயல்களின்மீது திருப்புவது எங்ஙனம் என்பதே இன்றைய பொருள்.

மூன்று மறுப்புகள்

அங்குத்தர நிகாயத்தில் பகவான் மூன்று கொள்கைகளை எடுத்து மறுக்கின்றார். மனிதன் நுகரும் இன்ப துன்பம் அனைத்தும் முற்பிறப்பில் செய்ததன் விளைவே என்பது முதற் கொள்கை. அனைத்தும் இறைவன் படைத்தவாறே நடக்கும் என்பது இரண்டாவது. காரணம் ஏதுமின்றி எல்லாம் தாமே நிகழ்வன என்பது மூன்றாவது. இவற்றைப் பற்றிக்கொண்டவனுக்கு, இதனைச் செய்தல் வேண்டும், இதனைத் தவிர்த்தல் வேண்டும் என்னும் ஊக்கம் அற்றுப்போகும் என்பதே அவர் காட்டிய குற்றமாகும்.

ஆகவே, தலையெழுத்து என்று நெற்றியில் அடித்துக்கொள்வது பௌத்தருக்கு உரியதன்று. அதிர்ஷ்டம் வந்தால் பார்க்கலாம் என்பதும் அத்தகையதே. கர்மம் என்னும் சொல்லுக்குச் செயல் என்பதே பொருள். நேற்றைய செயல் கைவிட்டுப் போயிற்று. இன்றைய செயல் நம் கையில் உள்ளது. இவ்வொரு கருத்தை உள்ளத்தில் ஊன்றிய பின்னரே திட்டம் என்னும் சொல்லுக்கு இடம் உண்டாகும்.

வேண்டுதலும் வழியும்

மஜ்ஜிம நிகாயத்துப் பூமிஜ சூத்திரத்தில் சில உவமைகள் வருகின்றன. எண்ணெய் வேண்டும் ஒருவன் மணலைச் செக்கிலிட்டு நீர் தெளித்து ஆட்டுகின்றான். பால் வேண்டும் ஒருவன் கன்றீன்ற பசுவின் கொம்பைப் பிடித்துக் கறக்கின்றான். வெண்ணெய் வேண்டும் ஒருவன் தண்ணீரைக் கடைகின்றான். இவர்கள் மனமுருக வேண்டிக்கொண்டு செய்தாலும் பயனில்லை. வேண்டாமற் செய்தாலும் பயனில்லை. எள்ளை ஆட்டுபவனுக்கோ, வேண்டினாலும் வேண்டாவிடினும் எண்ணெய் கிட்டும். பயன் தருவது வேண்டுதல் அன்று, பொருந்திய வழியே என்பது இதன் கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஊரிகத்து மண்ணே போதும். பெங்களூரில் வாழ்ந்த லவெல் என்னும் அயர்லாந்துப் போர்வீரர், கோலார்ப் பகுதியில் பொன் உண்டு என்று லெப்டினன்ட் வாரன் என்பார் 1802இல் ஆராய்ந்து கூறியதைப் பழைய ஏடொன்றில் படித்தார். பொன் எடுக்க வேண்டும் என்னும் அவா அவரைப் பற்றிக்கொண்டது. 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார். உரிமை பெற்று 1875இல் ஊரிகத்தின் அருகே ஒரு குழி இறக்கினார். அவருக்கு ஊக்கம் குறையவில்லை; இடமும் தவறவில்லை. பாறையைத் துளைத்து ஆழம் செல்லப் பெருமுதலும் பொறிகளும் வேண்டும் என்பது பின்னரே விளங்கியது. 1877இல் உரிமை பிறர் கைக்கு மாறிற்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அவர்களும் சில ஆண்டுகள் பெரும்பொருளைச் செலவிட்டு ஏமாந்தனர். பின்னர், முன்னோர் தோண்டிய பழங்குழிகளைத் தொடர்ந்து கீழே சென்றபோதுதான் சாம்பியன் பொன்னடுக்கு புலப்பட்டது.

1875இல் மண்ணுக்கடியில் இருந்த பொன்னே பின்னரும் இருந்தது. வேறுபட்டது பொன் அன்று. அதனை அடையும் படிகளே. அப்படிகளில் இறங்கியவர்களோ வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய இடங்களினின்றும் வந்த நம் முன்னோர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு ஒவ்வொரு தளமாக இறங்கி அவர்கள் வெட்டினர். வெட்டிய இடத்திற்குக் கல்லடுக்கியும் மரம் நிறுத்தியும் முட்டுக்கொடுத்து மேற்சென்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் செல்லும் கலையை அயலவர் வந்து கற்பிக்க வேண்டுமோ?

பொன் கழுவும் முறை

பகவான் அங்குத்தர நிகாயத்தில் உரைத்த உவமை ஒன்று தங்கவயலார்க்கென்றே உரைத்தது போல அமைந்துள்ளது. பொன் கலந்த மண்ணைக் கழுவுவோன் அதனைத் தொட்டியில் இட்டு, முதலில் பருங்கற்களையும் பெருமணலையும் கழுவி நீக்குகின்றான். அடுத்து நடுத்தரமான கல்லும் மணலும் நீங்குகின்றன. அதன்பின் நுண்மணலும் கருந்தூசியும் நீங்குகின்றன. அதற்குப் பின்னரே பொற்கொல்லன் எஞ்சிய பொன்னை உலையிலிட்டு ஊதுகின்றான். அது நன்கு பதமான பின்னரே மோதிரமோ தோடோ கழுத்தணியோ செய்ய இசைகின்றது.

நம் சுரங்கத்திலும் அதுவே முறை. பாறையை உடைத்தனர், ஆலையில் இடித்தனர், மாவாக அரைத்தனர், சயனைடு நீரில் பொன்னைக் கரைத்துப் பிரித்தனர். கழிந்த மண் இன்றும் சயனைடு மேடாய் நம் ஊரைச் சுற்றி நிற்கின்றது. வெட்டிய பாறையை அப்படியே உலையில் இட்டவர் ஒருவரும் இலர். அவ்வாறு செய்பவனை நாம் பித்தன் என்போம். ஆயினும் வாழ்க்கை இலட்சியங்களில் நம்மிற் பலர் அதனையே செய்கின்றோம். மகள் செவிலி ஆக வேண்டும். மகன் அரசாங்க உத்தியோகம் பெற வேண்டும். சொந்தமாக ஒரு தொழில் நடத்த வேண்டும் என்கின்றோம். இடையில் உள்ள படிகளை எண்ணுவதே இல்லை.

முறை இதுவே. அடைய வேண்டியதை ஒரு தாளில் எழுதுக. அதற்கு நேர் முன்னதாக என்ன முடிந்திருக்க வேண்டும் என்று கேட்டு அதனை அதன்கீழ் எழுதுக. அதற்கும் முன்னதாக யாது வேண்டும் என்று கேட்டு எழுதுக. இங்ஙனம் பின்னோக்கி இறங்கி வந்தால், நாளைக் காலையில் எழுந்தவுடன் நீங்களே செய்யக்கூடிய ஒரு செயலில் வந்து நிற்பீர்கள். அங்கு வந்து சேரும் வரையில் அது திட்டம் ஆகாது, விருப்பமே. இதுவரை நேர்ந்துகொண்டது போல, இனி அந்த நாளைய செயலை நேர்ந்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பத்தாம் வகுப்பில் பயிலும் ஒரு பெண் நர்சிங் பட்டப்படிப்பில் சேர விரும்புகின்றாள் என்று கொள்வோம். அப்படிப்பிற்கு அதற்கு முந்தைய பி.யு.சி. வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைக் கற்றுத் தேறியிருக்க வேண்டும். இதனை அறியாமல், தோழி சேர்ந்தாள் என்று அவளும் வணிகப் பிரிவில் சேர்ந்துவிட்டால், இரண்டாண்டு கழித்தே பிழை தெரியவரும். அது பசுவின் கொம்பைப் பிடித்துக் கறந்ததற்கு ஒப்பாகும். அவள் அறிவிலும் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஒரு நாள் ஓர் ஆசிரியரிடம் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆகவே அவளது தாளின் கடைசி வரி, நாளை அறிவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்பதாகவே இருக்கும். எத்துணைச் சிறிய செயல்! ஆயினும் அதிலிருந்தே வழி தொடங்குகின்றது.

இன்னொன்றையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்க. உதவித்தொகைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தேவைப்படும். பௌத்தம் தழுவியதால் பட்டியல் சாதியினர்க்குரிய உரிமை போய்விடும் என்று அஞ்சி, தம் சமயத்தை எழுதவே தயங்குவோர் இன்னும் உளர். 1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவ்வச்சத்தைப் போக்கிவிட்டது. பௌத்தர்க்கும் அவ்வுரிமை உண்டு. ஆயினும் அலுவலகத்தில் விளக்கமளிக்கவும், ஏடுகளைக் காட்டவும், மீண்டும் மீண்டும் செல்லவும் நாட்கள் பிடிக்கலாம். ஆதலின் அவ்வேலையைக் கடைசி வாரத்திற்கு ஒத்திப்போடாதீர்கள்.

பாபாசாகேப் காட்டிய படிகள்

இந்நெறியைத் தம் வாழ்வில் நடத்திக் காட்டியவர் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவரது பேரறிவை நாம் போற்றுகின்றோம். அவர் திட்டமிட்ட முறையை அவ்வளவாக நோக்குவதில்லை. 1913இல் பரோடா அரசின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1916இல் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். மறு ஆண்டே உதவித்தொகையின் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நிற்கத் தாயகம் திரும்ப நேர்ந்தது.

இங்கு அவர் செய்த ஒன்றைக் கவனியுங்கள். புறப்படுமுன், நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற்றுக்கொண்டே புறப்பட்டார். வீழ்ச்சியின் நடுவிலும் ஒரு கதவைத் திறந்தே வைத்துச் சென்றார். தம் நூல்களையும் பொருள்களையும் ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடாவில் பணிபுரியச் சென்றபோது, தீண்டத்தகாதவர் என்று சொல்லித் தங்கும் விடுதியினின்றும் வெளியேற்றினர். அலுவலகத்தில் தாளை எறிந்து கொடுத்தனர். அங்கிருந்து பம்பாய்க்கு மீண்டார்.

1918இல் சைடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1920 வரை அப்பணியில் இருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அது போதாதபோது கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பரிடம் கடனையும் பெற்றார். 1920இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். அரைவயிறு உண்டு, பிரிட்டிஷ் மியூசியத்து நூல்நிலையத்தில் நாள் முழுதும் பயின்றார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார், 1922இல் பாரிஸ்டர் ஆனார். டி.எஸ்ஸி. பட்டத்திற்கு அவர் எழுதிய ஆய்வுரையைத் திருத்தித் தருமாறு தேர்வாளர் கேட்டனர். திருத்தி மீண்டும் அனுப்பினார். 1923இல் அப்பட்டமும் கிடைத்தது.

பத்தாண்டு வரலாறு இது. இதில் வரம் எங்கே? அற்புதம் எங்கே? அனுமதிக் கடிதம் ஒன்று, மாதந்தோறும் சேர்த்த பணம், நண்பர் ஒருவரின் கடன், திருத்திய ஆய்வுரை ஒன்று. இவையே அங்கு உள்ளன. நம்மால் செய்யவே இயலாதது இவற்றில் ஒன்றேனும் உண்டா?

நம் சமய மாற்றமும் அங்ஙனம் நிகழ்ந்ததே. இந்துவாகப் பிறந்தபோதிலும் இந்துவாக இறக்கப்போவதில்லை என்னும் கருத்தை அவர் 1935இல் இயோலாவில் அறிவித்தார். நாகபுரியில் தீட்சை ஏற்றது 1956 அக்டோபர் 14 அன்று. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளும் காத்திருந்த ஆண்டுகள் அல்ல. சமயங்களை ஆராய்ந்து, பௌத்த நாடுகளைக் கண்டு, நூலெழுதி, மக்களை ஆயத்தம் செய்த ஆண்டுகள். காலம் நீண்டதால் உறுதி தளர்ந்ததில்லை; உறுதி இருந்தமையால் காலத்தை முறையாகப் பயன்படுத்தினார்.

தீகஜாணுவுக்கு உரைத்தவை

வழி தெரிந்தது, வழிச்செலவுக்கு யாது செய்வது என்று கேட்பீர்கள். கோலிய குலத்துத் தீகஜாணு என்னும் இல்லறத்தான் பகவானிடம் வந்து, மனைவி மக்களோடு வாழும் எம்போன்றோர்க்கு இம்மையில் நலந்தருவது யாது என்று வினவினான். துறவு மேற்கொள் என்று அவர் கூறவில்லை. நான்கு நலங்களைக் கூறினார். முதலாவது, தன் தொழிலில் திறமையும் சோம்பாமையும். இரண்டாவது, நேர்மையாய் ஈட்டியதைக் காத்தல். மூன்றாவது, நல்லோர் நட்பு. நான்காவது, வரவறிந்து செலவிட்டு அளவோடு வாழ்தல்.

இவற்றுள் காத்தலைப் பற்றி மட்டும் சிறிது விரிப்பேன். நீர் நிறையும் ஏரிக்கு நான்கு வாய்க்கால்களும் நான்கு மடைகளும் இருப்பதாக ததாகதர் உவமை கூறினார். ஒழுக்கக்கேடு, குடி, சூது, தீயோர் நட்பு ஆகிய நான்கும் செல்வம் வெளியேறும் மடைகள். மடைகள் திறந்திருக்க, வாய்க்காலை அகலமாக்கிப் பயனில்லை. தங்கவயலில் எத்தனை குடும்பங்களின் இலட்சியம் சாராயக் கடையோடு முடிந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் சீலம் மறுமைக்கு மட்டும் உரியதன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கும் அதுவே காவல். சுரங்கத்தில் முட்டுக்கொடாமல் முன்னேறி வெட்டியவன் தலைமேல் பாறை விழும். சிறிதேனும் சேமிப்பின்றிப் பெருங்காரியத்தில் இறங்குபவன் நிலையும் அதுவே.

நல்லோர் நட்பும் இதனோடு சேர்ந்தது. பண்டித அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் 1907இல் மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. அவர் மறைந்த பின் நின்றுபோன தமிழன் இதழ் 1926இல் தங்கவயலில் மீண்டும் வெளிவந்தது. பண்டித அப்பாதுரையார் அதனை நடத்தினார். கூலிக்கு உழைத்த மக்கள் வாழ்ந்த ஊரில் ஓர் இதழ் நடந்தது தனியொருவர் ஊக்கத்தால் மட்டும் அன்று. ஆகவே உங்கள் தாளை ஒளித்து வைக்காதீர்கள். நல்லறிவுடைய ஒருவரிடமேனும் காட்டுங்கள். இன்ன நாளுக்குள் இதனைச் செய்வேன் என்று அவரிடம் சொல்லுங்கள். நாம் தளரும்போது கேள்வி கேட்பவரே கல்யாண மித்திரர்.

நாள்தோறும் செய்தல்

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. அதன்பின் நம்மவர் ஆயிரக்கணக்கில் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியே பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். எங்களுக்குப் படிக்க நேரம் ஏது ஐயா என்று இளைஞர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. அதற்குக் கணக்கே விடை கூறட்டும். போகவும் வரவும் ஏறத்தாழ இரண்டிரண்டு மணி நேரம் ஆகின்றது. நெரிசலிலும் களைப்பிலும் முக்கால் பங்கு கழியட்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எஞ்சினால், 300 வேலை நாட்களில் 300 மணி நேரம் ஆகும். ஒரு போட்டித் தேர்வின் பாடநூல்களை இருமுறை படிக்க அது போதும். நின்றுகொண்டே செல்வோர்க்குப் புத்தகம் விரிக்க இடமில்லையெனில், முதல் நாள் எழுதிய சிறுதாளை மனத்தில் ஓதலாம்.

சம்யுத்த நிகாயத்தில் பகவான் கூறும் உவமையை நினைவிற் கொள்க. தச்சன் தன் வாய்ச்சியின் பிடியில் விரல்கள் பதிந்த தடத்தைக் காண்கின்றான். இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவன் அறியான். தேய்ந்தபின் தேய்ந்தது என்பதை மட்டும் அறிவான். நாள்தோறும் செய்யும் சிறுமுயற்சியும் அத்தகையதே. ஒரு வாரம் படித்துவிட்டு முன்னேற்றம் காணோம் என்று புத்தகத்தை மூடுபவன், பிடி தேயவில்லை என்று வாய்ச்சியை எறிபவனை ஒப்பான்.

பொற்கொல்லனின் மூன்று செயல்கள்

முயற்சியிலும் ஓர் அளவு வேண்டும். பொற்கொல்லன் உலையில் இட்ட பொன்னைச் சிற்சில வேளை ஊதுகின்றான். சிற்சில வேளை நீர் தெளிக்கின்றான். சிற்சில வேளை வாளா இருந்து உற்று நோக்குகின்றான். ஊதிக்கொண்டே இருந்தால் பொன் தீய்ந்துவிடும். தெளித்துக்கொண்டே இருந்தால் ஆறிவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் பதம் அடையாது. இதுவும் பகவான் உரைத்த உவமையே.

நம் இளைஞரிற் சிலர் ஊதுவதை மட்டும் அறிவர்; உறக்கத்தைக் கெடுத்து உடலை வாட்டித் தேர்வு நாளன்று நோயில் விழுவர். சிலர் ஓய்வை மட்டும் அறிவர். பெரும்பாலார் அறியாதது மூன்றாவதாகிய உற்றுநோக்கலே. அதற்கென நமக்கு ஒரு நாள் உண்டு. பௌர்ணமி உபோசதத்தன்று சீலம் ஏற்கும்போது, உங்கள் தாளையும் எடுத்து முன்னே வையுங்கள். சென்ற பௌர்ணமிக்குப் பின் செய்வதாகக் குறித்தது எது? செய்தது எது? செய்யாததற்குக் காரணம் சோம்பலா, வழி தவறா, நம் கையில் இல்லாத தடையா? அடுத்த பௌர்ணமிக்குள் செய்யப்போவது எது? இந்நான்கு கேள்விகளுக்கும் உண்மையாக விடை எழுதுங்கள். சோம்பலாயின் முயற்சியைக் கூட்டுக. வழி தவறாயின் வழியை மாற்றுக. இலட்சியத்தை மாற்ற வேண்டாம். தடை புறத்தே உள்ளதாயின் துணை தேடுக.

கைக்கு எட்டாதவை

இங்கு ஒரு மறுப்பு எழும். திட்டமிட்டு உழைத்தும் தோற்றவர் இல்லையா? தகுதி இருந்தும் சாதியின் பெயரால் வேலை மறுக்கப்பட்டவர் இல்லையா? உண்டு. நோயும் வறுமையும் அநீதியும் நம் தாளைப் படித்துவிட்டு வருவதில்லை. ஆதலின் தோற்றவரை நோக்கி, நீ முயலவில்லை என்று சொல்லும் கொடுமையை ஒருபோதும் செய்யாதீர்கள். அது விதி என்று சொல்வதன் மறுவடிவமே. அநீதியை ஒருவர் தனியே திட்டமிட்டுக் கடக்க இயலாது. அதனைச் சங்கமாய் நின்றே எதிர்க்க வேண்டும். ஆனால் எதிர்ப்பதற்கும் படிகள் உண்டு. விண்ணப்பம், சான்று, சட்டம், துணைவர் என்று அதற்கும் ஒரு தாள் உண்டு. பரோடாவில் விடுதியினின்றும் வெளியேற்றப்பட்டவர் அன்று மனமுடைந்தார். தம் திட்டத்தையோ கைவிடவில்லை.

இறுதியாக நுண்தூசியைப் பற்றி ஒரு சொல். பொன் கழுவும் உவமையில், உள்ளத்தின் பரு அழுக்கு தீயொழுக்கம் என்றும், நடு அழுக்கு தீய எண்ணங்கள் என்றும் பகவான் கூறுகின்றார். எல்லாம் கழிந்த பின்னும் எஞ்சும் நுண் அழுக்குகளுள் ஒன்றாக, பிறர் என்னை இகழாதிருக்க வேண்டும் என்னும் எண்ணத்தைக் கூறுகின்றார். இது நம் நெஞ்சைத் தொடுவது. தலைமுறை தலைமுறையாக இகழ்ச்சியை உண்டு வளர்ந்த மக்கள் நாம். இகழ்ந்தவர் முன் தலைநிமிர வேண்டும் என்னும் கனலே நம்மிற் பலரைப் படிக்க வைத்தது. அக்கனலைப் பழிக்க மாட்டேன். தொடக்கத்தில் அது உலையைப் பற்றவைக்கும். ஆனால் இலட்சியத்தையே அது தேர்ந்தெடுக்குமாறு விட்டுவிடாதீர்கள். ஊரார் மெச்சுவர் என்று பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்பைத் திணித்தலும், கடன் வாங்கிப் பெருவிழா எடுத்தலும் அத்தூசியின் வேலையே. இகழ்ந்தவர் கண்ணால் நம் வாழ்வை அளக்கும் வரையில், நம் தாளை எழுதுபவர் அவரேயாவர். எனக்கும் பிறர்க்கும் இது நன்மை தருமா, தீமை தருமா என்று ஆராய்ந்து செய்க என்று தம் மகன் இராகுலனுக்குப் பகவான் கற்பித்தார். அவ்வளவுகோலே நமக்குப் போதும்.

அன்பர்களே! இன்று இல்லம் திரும்பியதும் விளக்கேற்றிச் சரணம் கூறுங்கள். பின்னர் ஒரு தாளை எடுங்கள். வேண்டுவதை மேலே எழுதுங்கள். படிகளைக் கீழ்நோக்கி எழுதுங்கள். நாளைக் காலைச் செய்வதில் வந்து முடியுங்கள். தாய்மார் எழுதப் படிக்க அறியாராயின் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த பௌர்ணமியில் அத்தாளோடு வாருங்கள். பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த அதே மாடத்தில் அது இருக்கட்டும். அவளது உறுதியும் நமது வழியும் அங்கு ஒன்றுசேரும்.

சகல உயிர்களும் துன்பம் நீங்கி இன்புற்று வாழ்க!

சாது! சாது! சாது!